பால் வண்டியும் குழந்தை வண்டியும்

1960 செப்டம்பர் 2ஆம் தேதி, ரோம் ஒலிம்பிக்கில் ஏறக்குறைய ஒரு மணி நேர இடைவெளியில் நியூசிலாந்து இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றது. 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல், 5000 மீட்டரில் முர்ரே ஹால்பர்க். எட்டு நாள் கழித்து நடந்த மாரத்தானில் பாரி மேகி வெண்கலம் வாங்கினார். மூவரும் ஆக்லாந்து நகரத்தில் ஓடிப் பழகியவர்கள். மூவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே: ஆர்தர் லிடியார்ட். உடற்கல்விப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தச் சம்பளம் மனைவி, நான்கு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்குப் போதாமல் பால் விநியோகமும் செய்தவர்.

இன்று உலகம் முழுக்க மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் பின்பற்றும் முறையின் அடித்தளம் இந்த மனிதர் போட்டதுதான். முதலில் பல வாரங்கள் நிதானமாக நெடுந்தூரம் ஓடி உடலைப் பழக்குவது, வேகத்தைப் பிறகு சேர்ப்பது, வாரத்துக்கு ஒருநாள் மிக நீண்ட ஓட்டம் ஓடுவது என்பவை அவர் பல ஆண்டுகள் தன் உடம்பில் சோதித்துப் பார்த்துக் கண்டவை. ரக்பி ஆடிக்கொண்டிருந்த காலத்தில், முப்பதை எட்டாத வயதில், மூத்த ஓட்டக்காரர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடப்போய் மூச்சு வாங்கி நின்றார். இப்போதே இப்படியென்றால் இன்னும் இருபது ஆண்டுகளில் என்ன ஆவோம் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. ஓடத் தொடங்கினார். எவ்வளவு ஓடினால் உடல் தேறுகிறது, எவ்வளவுக்கு மேல் துவள்கிறது என்று கூட்டியும் குறைத்தும் பார்த்தார். கடைசியில் வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், என்ற அளவில் வந்து நின்றார்.

மைலுக்கு ஏழு நிமிடம் என்று கணக்கிட்டாலும் 100 மைல் ஓட வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். பகலில் தொழிற்சாலை, ஊர் உறங்கும் நேரத்தில் பால் வண்டி, இரண்டுக்கும் நடுவே ஓட்டம். லிடியார்டின் மேதைமையைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. அவர் மனைவி ஜீனைப் பற்றி அவற்றில் சொற்ப வரிகளே கிடைக்கும். ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாகெரே மலைச்சரிவுகளில், ஞாயிறுதோறும் 22 மைல் வட்டம் ஒன்றை லிடியார்டும் அவரிடம் பயிற்சி பெற்ற பையன்களும் ஓடிக் கடந்தார்கள். ஓட்டக்காரர்கள் இன்றும் புனிதத் தலம்போலத் தேடிப் போகும் வைஅடாருவா பாதை அது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பிள்ளைகளையும் குளிப்பாட்டிச் சோறு போட்டவர் யார் என்பதை வரலாறு எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மாரத்தானின் கதையை எங்கே தொட்டாலும் இந்தக் கேள்வி எழும்: ஓடுகிறவருக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கொடுத்தது யார்?

ரோம் வெற்றிக்குப் பிறகு லிடியார்ட் செய்த காரியம், பதக்கங்களைவிடப் பெரியது என்றே சொல்ல வேண்டும். தொப்பை விழுந்த, நடுத்தர வயதைக் கடந்த, இதய நோய் கண்ட ஆட்களைக்கூட அவர் மெதுவாக ஓடவைத்தார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும் என்றார். 1962 வாக்கில் ஆக்லாந்தில் இதற்கென்று ஒரு சங்கமே உருவானது. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே வந்தார். லிடியார்டின் கூட்டத்தோடு ஓடப்போனவரால் எழுபது தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பவர்மேனுக்கு அப்போது வயது 51. ஊர் திரும்பியதும் யூஜின் நகரத்தில் அதேபோல ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். இதய மருத்துவர் வால்டோ ஹாரிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ஜாகிங்’ என்ற புத்தகம் 1967இல் வெளியாகிப் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தப் புத்தகம் போய்ச்சேர்ந்த ஒரு வீட்டுக்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

அதற்கு முன் ஜாக் ஃபாஸ்டர். இங்கிலாந்தின் லிவர்பூலில் 1932இல் பிறந்து, நியூசிலாந்தின் ரோட்டருவா ஊரில் குடியேறி, அலுவலக எழுத்தராக வேலை பார்த்தவர். இவருக்கும் பிள்ளைகள் நான்கு. இளமையில் சைக்கிள் பந்தயக்காரர். 32 வயதில் ஒருநாள் குடும்பத்தோடு வெளியே போயிருந்தபோது, மனைவியையும் பிள்ளைகளையும் உட்காரவைத்துவிட்டு, சும்மா ஓடிப் பார்ப்போமே என்று கிளம்பினார். நெடுநேரம் ஓடிவிட்ட நினைப்பில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினால், “என்ன, எதையாவது மறந்துவிட்டீர்களா?” என்று மனைவி கேட்டாராம். போய்வந்தது ஏழே நிமிடம். ஃபாஸ்டரே சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை இது.

அந்த ஏழு நிமிடக்காரர் 1972இல் மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் எட்டாவதாக வந்தார். 1974இல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 2 மணி 11 நிமிடம் 19 வினாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 41. நாற்பது வயதைக் கடந்தவர்களில் அதைவிட வேகமாக ஓட இன்னொருவர் வர 1990 வரை ஆனது. வந்தவரும் நியூசிலாந்துக்காரரே, ஜான் கேம்பெல். ஃபாஸ்டர் 100 மைல் கணக்கெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. அதில் பெரிய பகுதியைக் குறைத்துக்கொண்டு, வேலைக்கு முன்னும் பின்னும் ரோட்டருவாவின் காட்டுப் பாதைகளிலும் ஆட்டுப் பண்ணைகளின் மேடுபள்ளங்களிலும் ஓடினார். தான் செய்வதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டவும் அவருக்கு விருப்பமில்லை. ஓடப் போகிறேன் என்பார், அவ்வளவுதான். குடும்பஸ்தர்களுக்கு இவரைப் போன்ற நல்ல முன்மாதிரி வேறு கிடைக்காது. ஆனாலும் அவர் காலத்தில் இது ஆண்களுக்கு மட்டுமே கிடைத்த வசதி.

பெண்களுக்கு முதலில் சாலையே கிடைக்கவில்லை.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்ததும் சிலர் களைத்துப் படுத்ததைப் பார்த்த பத்திரிகைகள், பெண்கள் சுருண்டு விழுந்துவிட்டதாக ஊதிப் பெருக்கின. விளைவு, அடுத்த 32 ஆண்டுகள் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஓட்டமே இல்லை. நெடுந்தூரம் ஓடினால் கருப்பை கெட்டுவிடும், பிள்ளை பெறும் சக்தி போய்விடும் என்று மருத்துவர்களும் சொன்னார்கள். 1966இல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்ணுடல் அந்தத் தூரத்தைத் தாங்காது என்று பதில் வந்தது. புதருக்குப் பின்னால் காத்திருந்து, ஆண்கள் கூட்டத்தில் நுழைந்து, 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். மறு ஆண்டு 261ஆம் எண்ணை அணிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் பந்தய அதிகாரி ஒருவர் பிடித்து இழுத்த படத்தை உலகமே பார்த்தது.

அந்த 1967இலேயே, ஜெர்மனியின் வால்ட்நீல் என்ற சிற்றூரில், அதிகம் பேசப்படாத ஒன்று நடந்தது. எர்ன்ஸ்ட் ஃபான் ஆக்கன் என்ற மருத்துவர், பெண்களால் முடியும் என்பதை நிரூபிக்க, ஆண்கள் மாரத்தானில் இரண்டு பெண்களை ஓடவைத்தார். அவர்களில் அன்னி பேடெ-எர்ட்காம்ப் 3 மணி 7 நிமிடத்தில் முடித்தார். அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு வேகமாக ஓடியதாகப் பதிவில்லை. அவருக்கு அப்போது 27 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். கருப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் கிடைத்திருக்காது. ஆனால் அவர்கள் காதில் அது விழ வெகுகாலம் பிடித்தது.

கவனித்துப் பார்த்தால், பெண்கள் மாரத்தானின் தொடக்க கால வீராங்கனைகளில் தாய்மார்கள் பலர் இருப்பது தெரியும். மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த சாரா மே பெர்மனுக்கு மூன்று குழந்தைகள். கணவர் லாரியும் ஓடுபவர், மனைவிக்கு அவரே பயிற்சியாளர். இருவரும் சேர்ந்து பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இடம்தரும் ஒரு விளையாட்டுச் சங்கத்தையே 1962இல் தொடங்கினார்கள். வீட்டில் இருவரும் ஓடுகிறவர்களாக இருந்தால், ஒருவர் வெளியே போகும்போது மற்றவர் வீட்டில் இருந்தாக வேண்டும். ஜீன் லிடியார்டுக்குக் கிடைக்காத முறை மாற்றம் அது. சாரா மே 1969, 70, 71 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பாஸ்டனில் பெண்களில் முதலாவதாக வந்தார். பெண்களுக்கு அதிகாரபூர்வ இடம் இல்லாத காலம் என்பதால் வெற்றி எந்தப் பதிவிலும் ஏறவில்லை. பந்தய அமைப்பாளர்கள் அவரை வெற்றியாளர் என்று ஏற்றுக்கொண்டது 1996இல்.

1971இல் அவருக்கு அரை நிமிடம் பின்னால் வந்தவர் நீனா குஸ்சிக். ‘ஜாகிங்’ புத்தகம் போய்ச்சேர்ந்த வீடு இவருடையதுதான். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வாழ்ந்த செவிலியர். இவருக்கும் மூன்று குழந்தைகள். பனிச்சறுக்குக் காலணியிலும் சைக்கிளிலும் மாநிலப் பட்டங்கள் வென்றவர். சைக்கிள் உடைந்துபோன சமயத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஓட ஆரம்பித்தார். ஆக்லாந்தின் பால்காரர் கண்டுபிடித்த முறை, ஓரிகன் பயிற்சியாளர் வழியாக, லாங் ஐலண்டில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு தாயின் கைக்குச் சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது.

நீனாவின் மணவாழ்வு முறிந்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்க வேண்டியும் வந்தது. ஓட்டத்தை அவர் விடவில்லை. 1972 ஏப்ரலில் பாஸ்டன் முதல்முறையாகப் பெண்களை அதிகாரபூர்வமாக அனுமதித்தது. எட்டுப் பேர் ஓடினார்கள், எட்டுப் பேரும் முடித்தார்கள். 3 மணி 10 நிமிடம் 26 வினாடியில் முதலில் வந்தவர் நீனா. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி நியூயார்க் மாரத்தானில், பெண்கள் ஆண்களோடு சேர்ந்து புறப்படக் கூடாது, பத்து நிமிடம் முன்னதாகவே புறப்பட வேண்டும் என்று அமெரிக்க அமெச்சூர் தடகள அமைப்பு விதி போட்டது. துப்பாக்கி வெடித்தது. நீனாவும் மற்ற ஐந்து பெண்களும் எல்லைக்கோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். இது 1972, கண்விழியுங்கள் என்று சொல்லும் பலகைகள் அவர்கள் கையில். பத்து நிமிடம் கழிந்து ஆண்கள் புறப்படும்போது எழுந்து அவர்களோடு சேர்ந்து ஓடினார்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் அதிகாரிகள் அவர்களுடைய நேரக் கணக்கில் கூட்டியே எழுதினார்கள். அப்படியும் நீனாவே பெண்களில் முதலாவது.

பிறகு அவர் கவனம் ஒலிம்பிக் பக்கம் திரும்பியது. பெண்கள் மாரத்தானை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவிலும், ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினார். 1981இல் ஒலிம்பிக் குழு ஒத்துக்கொண்டது. வேலைக்கும் போய், மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, பயிற்சியும் செய்து, இந்தக் கூட்டங்களுக்கும் அவர் எப்படி நேரம் கண்டார் என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. கேத்ரின் ஸ்விட்சரின் பெயர் தெரிந்த அளவுக்கு நீனாவின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

மிக்கி கோர்மனின் கதை இன்னொரு விதம். ஜப்பானியப் பெற்றோருக்குச் சீனத்தின் சிங்தாவ் நகரில் 1935இல் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஐந்தடி உயரம், மெலிந்த தேகம். முப்பது வயதைக் கடந்த பிறகே ஓடத் தொடங்கினார். 1974இல் பாஸ்டனை வென்றார். 1975 ஜனவரியில் மகள் பிறந்தாள். அப்போது அவருக்கு 39 வயது. அதோடு ஓட்டம் முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1976 அக்டோபரில் நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளையும் சுற்றி முதல்முறையாக மாரத்தான் நடத்தப்பட்டபோது, 2 மணி 39 நிமிடத்தில் பெண்களில் முதலாவதாக வந்தார். 1977இல் பாஸ்டன், நியூயார்க் இரண்டையும் வென்றார். அதற்குப் பின் ஓர் அமெரிக்கப் பெண் நியூயார்க்கை வெல்ல 40 ஆண்டுகள் ஆயின. 2017இல் ஷேலேன் ஃப்ளனகன் வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்சென் 1983 மார்ச்சில் உலகக் குறுக்கோட்டப் போட்டியில் 35ஆவதாகத் தள்ளப்பட்டார். ஏன் இவ்வளவு சோர்வு என்று அவருக்கே விளங்கவில்லை. பார்த்தால், மாதக்கணக்கில் கர்ப்பம். அது தெரியாமலே பந்தயத்தில் ஓடியிருக்கிறார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மகன் பிறந்தான். அதே ஆகஸ்டில்தான் ஹெல்சிங்கியில் உலகத் தடகளப் போட்டியின் முதல் பெண்கள் மாரத்தானை அவருடைய நாட்டுக்காரரும் எதிராளியுமான கிரேட்டா வைட்ஸ் வென்றார். ஐந்து மாதம் கழித்து, 1984 ஜனவரியில், இங்ரிட் ஹூஸ்டன் மாரத்தானை 2 மணி 27 நிமிடம் 51 வினாடியில் வென்றார்.

நார்வேயில் குளிர்காலச் சாலை கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும், வெளிச்சமும் சில மணி நேரம்தான். இங்ரிட் பெரும்பகுதிப் பயிற்சியை ட்ரெட்மில்லில் முடித்தார். அன்றைய முன்னணி ஓட்டக்காரர்கள் அதை மருத்துவமனைக் கருவியாகவே பார்த்தார்கள், சாலையில் ஓடாதவர் ஓட்டக்காரரே இல்லை என்பது அவர்கள் நினைப்பு. வீட்டுக்குள் ஓடுகிறவருக்குக் குழந்தையை விட்டுப் போக வேண்டியதில்லை என்பதன் அருமை அவர்களுக்குத் தெரியாது. 1985 ஏப்ரலில் லண்டனில் இங்ரிட் 2 மணி 21 நிமிடம் 6 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது மகனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. சாதனை 1998 வரை, 13 ஆண்டுகள் நின்றது. 5000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் உலக சாதனையை ஒரே சமயத்தில் தன்வசம் வைத்திருந்தவர் அவர்.

ஓடும் பெற்றோருக்கு இன்னொரு கருவியும் இந்தக் காலத்தில்தான் கிடைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா ஊரில் பத்திரிகை வேலை பார்த்த ஃபில் பேக்லர், 1984இல் தந்தையானார். ஓடப் போக வேண்டும், குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் கிடைத்த தள்ளுவண்டியின் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள் ஒவ்வொரு கல்லிலும் மாட்டிக்கொண்டு நின்றன. பழைய தள்ளுவண்டி ஒன்றை எடுத்து, முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகச் சைக்கிள் சக்கரங்களை மாட்டினார். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் உருண்டது. காற்றடைத்த டயர் குலுக்கலை வாங்கிக்கொண்டது. மூன்று சக்கரம் என்பதால் நேராகவும் ஓடியது. தெருவில் பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, மனைவி மேரியோடு சேர்ந்து ‘பேபி ஜாகர்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். இன்று எந்த ஊர்ப் பூங்காவிலும் விடியற்காலையில் காணக்கூடிய மூன்று சக்கரக் குழந்தை வண்டியின் பிறப்பு இப்படித்தான். மாரத்தான் வரலாற்றில் காலணிக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கலாம்.

கருவிகள் உதவலாம், ஆள் துணைக்கு ஈடாகாது. கென்யாவின் கேத்ரின் நெடெரெபாவுக்கு 1997இல் மகள் பிறந்தாள். பந்தயங்களுக்காக அவர் அமெரிக்காவில் மாதக்கணக்கில் தங்கவேண்டியிருந்தது. கணவர் ஆன்டனி மைனா ஊரிலேயே இருந்து மகளை வளர்த்தார். மனைவி சம்பாதிக்க வெளிநாடு போக, கணவர் குழந்தைக்குத் தலைவாரிவிடுவது கென்யச் சமூகத்துக்கு அப்போது பழகாத காட்சி. மைனா அதைப் பொருட்படுத்தவில்லை. நெடெரெபா பாஸ்டனை நான்கு முறை வென்றார். 2001 அக்டோபரில் சிகாகோவில் 2 மணி 18 நிமிடம் 47 வினாடியில் உலக சாதனை படைத்தார். 2003லும் 2007லும் உலகச் சாம்பியன், ஏதென்ஸ், பெய்ஜிங் ஒலிம்பிக்குகளில் வெள்ளி. இந்தப் பட்டியலைச் சொல்லும்போது மைனாவின் பெயரையும் சொல்வதே நியாயம்.

மைனாவைப் போன்ற துணை கிடைத்தவர்களையும் விடாமல் பிடித்த சிக்கல் ஒன்று இருந்தது: ஒப்பந்தம். காலணி நிறுவனங்கள் கொடுக்கும் பணமே மாரத்தான் வீராங்கனைகளுக்கு வாழ்வாதாரம். பந்தயத்தில் ஓடாத மாதங்களுக்குப் பணம் வெட்டப்பட்டது, கர்ப்பத்துக்கும் அதே விதி இருந்தது. அமெரிக்காவின் காரா கோச்சருக்கு 2010 செப்டம்பரில் மகன் பிறந்தான். பந்தயத்துக்குத் திரும்பும்வரை வருமானம் நின்றதால், கைக்குழந்தை நோயில் கிடந்த நாட்களிலும் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். 2011 ஏப்ரலில், பிரசவமான ஏழாவது மாதத்தில், பாஸ்டனில் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் ஓடி ஐந்தாவதாக வந்தார். அவர் வாழ்நாளின் வேகமான மாரத்தான் அதுதான். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை அவரை ஆண்டுக்கணக்கில் வருத்தியது. 2019இல் அவரும் சக அமெரிக்க ஓட்ட வீராங்கனைகளான அலிசியா மொன்டானோவும் அலிசன் ஃபெலிக்ஸும் வெளிப்படையாகப் பேசிய பிறகே, கருவுற்ற வீராங்கனைகளுக்கு 18 மாதங்களுக்குப் பணத்தைக் குறைப்பதில்லை என்று நைக்கி தன் ஒப்பந்தத்தை மாற்றியது.

ஒப்பந்தம் இல்லாத, சொந்தக் காசில் ஓடும் தாய்மார்களுக்கும் இதே கதி வேறு உருவில். 2018இல் ஆல்ப்ஸ் மலையில் 170 கிலோமீட்டருக்கு மேற்பட்ட யூடிஎம்பி பந்தயத்தில் பிரிட்டனின் சோஃபி பவர் ஓடினார். முன்னொருமுறை இடம் கிடைத்தபோது அவர் கர்ப்பமாக இருந்தார். காயம்பட்டவர்களுக்கு இடத்தைத் தள்ளிவைத்துக் கொடுத்த அமைப்பாளர்கள் கர்ப்பத்துக்குக் கொடுக்கவில்லை. மறுபடி இடம் கிடைத்தபோது கையில் மூன்று மாதக் குழந்தை. வழியில் ஒரு நிறுத்தத்தில், மற்ற ஓட்டக்காரர்கள் கால்நீட்டிப் படுத்திருக்க, அவர் ஒருபக்கம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மறுபக்கம் பாலைக் கறந்துகொண்டிருந்தார். புகைப்படக்காரர் அலெக்சிஸ் பெர்க் எடுத்த அந்தப் படம் உலகம் சுற்றியது. விவாதம் கிளம்பியது, விதிகள் அசைந்தன. லண்டன் மாரத்தானில் இப்போது கருவுற்றவர்களும் பிரசவித்தவர்களும் தங்கள் இடத்தை மூன்று ஆண்டுகள் வரை தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், வீரர்கள் தங்கும் கிராமத்தில் முதன்முறையாகக் குழந்தைகளுக்கான இடம் ஒன்று திறக்கப்பட்டது. பாலூட்டவும், பிள்ளைகள் விளையாடவும், பெற்றோர் கொஞ்ச நேரம் அவர்களோடு உட்காரவும். அதற்காக வாதாடியவர்களில் முன்னே நின்றவர் அலிசன் ஃபெலிக்ஸ். அந்தப் போட்டியின் கடைசி நாளில், எப்போதும் ஆண்கள் மாரத்தானுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில், பெண்கள் மாரத்தான் நடந்தது. வெண்கலம் வென்ற கென்யாவின் ஹெலன் ஒபிரி ஒரு சிறுமியின் தாய். மாரத்தானுக்காக அமெரிக்காவின் போல்டர் நகருக்கு முதலில் தனியே போய், மகளைப் பிரிந்து மாதங்களைக் கடத்தி, பிறகு குடும்பத்தை அங்கே வரவழைத்துக்கொண்டவர்.

முந்தைய இரவு அதே பாதையில் 20,024 பொதுமக்கள் மாரத்தான் ஓடினார்கள். ஒலிம்பிக் மாரத்தான் பாதையைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது அதுவே முதல்முறை. பாரிஸ் நகர மன்றத்தில் புறப்பட்டு வெர்சாய் அரண்மனை வரை போய்த் திரும்பும் அந்தப் பாதை, 1789 அக்டோபர் 5ஆம் தேதி பாரிஸின் பெண்கள், வீட்டில் ரொட்டி இல்லை என்று அரசனிடம் கேட்க மழையில் நடந்த வழியை நினைவில் வைத்து வகுக்கப்பட்டது.